புற்றுநோய்ச் சிகிச்சையும் தோற்ற மாற்றமும்: எதை எப்போது செய்வது

முதல் கீமோ மருந்து ஏற்றத் திகதி கிடைத்ததும் விக் தேடிப் போகவேண்டாம். முதலில் போனை எடுத்து ஆறு படங்கள் பிடித்து வையுங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்து நின்று: முகம் நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, வகிடு தெரிய உச்சியில் ஒன்று, பின்கழுத்தில் முடி முடியும் இடம் ஒன்று, புருவங்கள் இரண்டும் நெருக்கமாக ஒன்று. பிறகு விக்கில் வகிடு எடுக்கும்போதும் இல்லாத புருவத்தை வரையும்போதும் இவைதான் அளவுகோல். நினைவை நம்பி வரைபவர்களுக்குப் புருவம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிவிடும், நாள் முழுக்கத் திடுக்கிட்ட முகத்தோடு திரியவேண்டி வரும்.

அடுத்த வேலை, கிளினிக்கில் கேட்க வேண்டியதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போவது. ஏற்றப்போகும் மருந்தின் பெயர் என்ன, அதற்கு முடி முழுதாகக் கொட்டுமா, ஐதாகுமா? தோலும் நகமும் கறுக்குமா? கதிர்ச்சிகிச்சை உண்டென்றால் உடம்பில் எந்த இடத்துக்கு? எல்லா மருந்தும் மொட்டையாக்குவதில்லை. டொக்சோரூபிசின், பக்லிடாக்செல், டோசிடாக்செல் என்றால் கொட்டும் என்றே ஆயத்தமாகுங்கள். கெப்சிடபின் மாத்திரையில் முடி பெரும்பாலும் நிற்கும், ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, கறுத்து, உரியலாம். கதிர்ச்சிகிச்சையில் கதிர் பட்ட இடத்து முடி மட்டும்தான் போகும். மார்புக்குக் கதிர் கொடுத்தால் தலைமுடிக்கு ஒன்றும் ஆகாது. டொக்டரிடம் நேரம் போதாவிட்டால் மருந்து ஏற்றும் தாதியிடம் கேளுங்கள். முடி, நகம், தோல் பற்றிய கேள்விகளுக்கு அன்றாடம் பதில் சொல்பவர்கள் அவர்கள்தான்.

கொட்டுவதற்கு முன்னும் கொட்டும்போதும்

முடி கொட்டத் தொடங்குவது வழமையாக முதல் ஊசிக்கு 2 முதல் 3 கிழமைக்குள். அதற்கு ஓரிரு நாள் முன்பே தலைத்தோல் நோகும், தலையணையில் வைத்தால் கூசும். நீளமான முடியாக இருந்தால் இரண்டு கட்டமாகக் குறைப்பது நல்லது. மருந்து தொடங்குமுன் கழுத்தளவுக்கு வெட்டிவிடுங்கள். கொட்டத் தொடங்கியதும் மெஷினால் 5, 6 மில்லிமீற்றருக்கு அடித்துவிடுங்கள். பிளேட்டால் வழிக்க வேண்டாம். மருந்து ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்திருக்கும், அப்போது சின்னக் கீறலும் கிருமிக்கு வாசல். கதிர்காமத்தில் மொட்டை போடுவதாக நேர்த்தி வைத்திருந்தால் அதைச் சிகிச்சை முடிந்து வளர்ந்த முடிக்கு ஒத்திவையுங்கள், முருகன் அவசரப்படுத்தமாட்டார். சலூனுக்குப் போவதென்றால் காலையில் முதல் ஆளாகப் போய் மெஷினை ஸ்பிரிட்டால் துடைக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது அடித்துவிட்டால் இன்னும் நல்லது.

வெட்டும் முடியை வீசவேண்டாம். உலர்ந்த முடியைச் சிறு சிறு கற்றைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலே இரண்டு இடத்தில் றப்பரால் இறுக்கிக் கட்டிவிட்டு, கட்டுக்கு மேலே வெட்டுங்கள். ஈரத்தோடு வெட்டி வைத்தால் கொழும்பு ஈரப்பதத்தில் சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே திசையில் இருக்க வேண்டும். முடியின் மேல் செதில்கள் ஒரே பக்கம் படிந்திருப்பதால், தலைகீழாகக் கலந்த முடி எப்படிச் சீவினாலும் சிக்குப் பிடிக்கும். ஒரு தலையின் முடி முழு விக்குக்குப் போதாது, ஆனால் ஒரு சவுரிக்கோ, தலைத்துணியின் முன் ஓரத்தில் தைக்கும் முன்முடிக்கோ தாராளமாகக் காணும். முன்முடி தைத்த ஒரு துணித்தொப்பி, விக்கை விடக் காற்றோட்டமானது. கோயிலுக்கும் கடைக்கும் அதுவே போதும் என்று பலர் விக்கை அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

விக்

வாங்குவதென்றால் முடி இருக்கும்போதே பார்க்கப் போங்கள். நிறமும் அடர்த்தியும் பொருந்துகிறதா என்று உங்கள் முடியோடு வைத்துப் பார்க்கலாம். கடை விளக்கில் கறுப்பாகத் தெரிவது வெயிலில் நீலம் பாயும், ஆகவே வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். நம்மவர் முடி தூய கறுப்பு அல்ல, பெரும்பாலும் கடுங்கபிலம். அந்த நிறத்தையே எடுங்கள். தலை அளவு எடுக்க, முன்நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து காதுக்கு மேலால் பின்கழுத்துக் குழி வரை சுற்றி நாடா பிடியுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 57 சென்ரிமீற்றர் வரும். முடி போனபின் இந்த அளவு குறையும், அதனால் உள்ளே இறுக்கும் பட்டி உள்ள விக்தான் வேண்டும்.

செயற்கை முடியா, மனித முடியா? முதல் விக்குக்குச் செயற்கை முடியே எங்கள் சிபாரிசு. எடை குறைவு, கழுவினாலும் வடிவம் கலையாது, விலையும் குறைவு. அதன் எதிரி சூடு. குசினியில் கொதிக்கும் பானையின் மூடியைத் திறக்கும்போதும், ஓவனைத் திறக்கும்போதும் வரும் ஆவி ஒரு நொடியில் முன்முடியைச் சுருட்டிவிடும், அது திரும்ப நேராகாது. சமைக்கும்போது கழற்றி வையுங்கள். தீபம் காட்டும்போதும் கவனம்.

புது விக் விக்காகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் நிறமல்ல, அடர்த்தி. தொழிற்சாலையில் முன்பக்கம் முடியை நெருக்கி வைத்திருப்பார்கள். தலையில் போட்டபடி சலூன்காரரைக் கொண்டு நெற்றியோரத்தையும் காதோரத்தையும் ஐதாக்கி வெட்டிக்கொள்ளுங்கள். வளராத முடி, ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டச் சொல்லுங்கள். அடுத்த பிழை, விக்கை நெற்றியில் மிகக் கீழே இழுத்துப் போடுவது. புருவத்துக்கு மேல் நான்கு விரல் வைத்தால், நான்காவது விரலின் மேல் ஓரத்தில் விக் தொடங்க வேண்டும். பூ வைக்க விரும்பினால் முழம் மல்லிகையின் பாரம் விக்கைப் பின்னால் இழுக்கும். சின்னத் துண்டாக, விக்கின் உள்வலையோடு சேர்த்துக் கொண்டையூசியால் குத்துங்கள், இழைகளில் மட்டும் குத்தினால் நிற்காது.

உள்ளே பருத்தித் தொப்பி இல்லாமல் விக் போட்டால் இந்தக் காலநிலையில் அரை மணித்தியாலத்தில் வழுக்கும், வியர்க்குருவும் போடும். ஹிஜாபுக்கு உள்ளே அணியும் பருத்தி உள்தொப்பி புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதில் மூன்று வாங்கினால் விக்குக்கு உள்ளேயும் போடலாம், படுக்கும்போதும் போடலாம். குளிரான நாடுகளின் கையேடுகள் 8, 10 தடவை போட்டபின் கழுவச் சொல்லும். இங்கே 5, 6 தடவை போதும், வியர்வை ஊறிவிடும். ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பேபி ஷாம்பு கலந்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, அலசி, துவாயில் வைத்து அமத்துங்கள். பிழியவோ ஈரமாய்ச் சீவவோ கூடாது. நிழலில், கவிழ்த்த உயரமான பேணியின் மேல் காயவிட்டு, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

வாங்க வசதியில்லை என்று விட்டுவிடவேண்டாம். தானமாகக் கிடைக்கும் முடியில் நோயாளருக்கு விக் செய்து கொடுக்கும் வேலையை இந்திரா புற்றுநோய் அறக்கட்டளை செய்து வருகிறது. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை பெறுபவர் வாட்டுத் தாதியிடம் கேட்டால் யாரோடு கதைப்பது என்று சொல்வார்.

தலைத்துணி கட்டுவது

பட்டும் சாட்டின் துணியும் மொட்டைத் தலையில் நிற்காது. மெல்லிய பருத்திதான் நிற்கும். பழைய பருத்திச் சேலையின் அகலம் ஏறத்தாழ 115 சென்ரிமீற்றர். அதில் அதே நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினால் சரியான சதுரம், ஓரம் மடித்துத் தைத்தால் ஸ்கார்ஃப் தயார். ஒரு சேலையில் நாலைந்து வரும்.

துணியை முக்கோணமாக மடியுங்கள். நீளப் பக்கத்தைப் புருவத்துக்கு மேல் மூன்று விரல் உயரத்தில் வைத்து, இரண்டு நுனிகளையும் காதுக்கு மேலால் பின்னால் கொண்டுபோய், தொங்கும் முக்கோண வாலின் மேல் ஒரு முடிச்சு. அந்த வாலைக் கீழே இழுத்து இறுக்கி, முடிச்சுக்குள் செருகுங்கள். இதோடு விட்டால் தலை சப்பையாகத் தெரியும், ஏனென்றால் முடி கொடுத்த உயரம் இப்போது இல்லை. பழைய சட்டையின் தோள் பஞ்சு ஒன்றை உச்சியில், உள்தொப்பிக்கு மேல் வைத்துவிட்டுக் கட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். காதில் தோடு போட்டால் பார்ப்பவர் கண் அங்கே போகும். எதுவும் போடாமல் மொட்டையாகத் திரிவதும் ஒரு தெரிவுதான். அப்படியானால் தலைக்குச் சன்ஸ்கிரீனும் குடையும் கட்டாயம். கொழும்பு வெயிலில் குடை பிடிப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

புருவம், கண், பொட்டு

புருவமும் இமைமுடியும் பெரும்பாலும் தலைமுடிக்குப் பின்னால்தான் போகும், சிலருக்குக் கடைசி மருந்துக்குப் பிறகு. தலைமுடி முளைக்கத் தொடங்கிய சந்தோஷத்தில் இருக்கும்போது இது நடப்பதால் மனம் அதிகம் உடையும். முன்கூட்டித் தெரிந்திருந்தால் பாதி பாரம் குறையும்.

வரைய ஒரு பென்சில் போதும். மூக்குத் துவாரத்தின் வெளி ஓரத்தில் ஒரு ஈர்க்கை வைத்து நேராக மேலே பிடித்தால் புருவம் தொடங்கும் இடம். அதே ஈர்க்கைக் கருவிழியின் வெளி ஓரத்தோடு சாய்த்தால் வளைவின் உச்சி. கண்ணின் வெளிக் கடைசியோடு சாய்த்தால் முடியும் இடம். மூன்று புள்ளி வைத்து, ஒரே கோடாக இழுக்காமல் முடி போலச் சின்னச் சின்னக் கீறல்களாக நிரப்புங்கள். நிறம் கடுங்கபிலம். தனிக் கறுப்பு, முகத்தைக் கடுமையாக்கும். மேலே கொஞ்சம் பவுடரை விரலால் அமத்தினால் வியர்வையில் ஓடாது. பச்சை குத்தும் முறையில் புருவம் போடுவதைச் சிகிச்சைக் காலத்தில் நினைக்கவே வேண்டாம். இரத்தத்தட்டுகள் குறைந்திருந்தால் இரத்தம் நிற்காது, கிருமித்தொற்றுப் பயமும் உண்டு.

இமைமுடி இல்லாத கண்ணுக்குள் தூசு நேரே போகும். ஓட்டோவில் போகும்போது கண்ணாடி போடுங்கள், பவர் இல்லாத கண்ணாடியானாலும் பரவாயில்லை. அதன் சட்டம் புருவம் இல்லாததையும் மறைக்கும். சுர்மாவைத் தவிருங்கள், அதில் ஈயம் கலந்திருப்பதுண்டு. பழைய கண்மை, மஸ்காரா எல்லாவற்றையும் வீசிவிட்டுப் புதிதாக வாங்கி, யாரோடும் பகிராமல் மூன்று மாதத்தில் மாற்றுங்கள்.

ஸ்டிக்கர் பொட்டு ஒரு தனிப் பிரச்சினை. அதன் பசையில் உள்ள சில இரசாயனங்கள் நெற்றியில் வெள்ளைத் தழும்பு விழுத்துவது சுகதேகிகளிடமே காணப்படுகிறது. சிகிச்சையால் நொந்த தோலில் இன்னும் எளிதாக நடக்கும். கண்மைப் பென்சிலால் வரைந்த பொட்டு பாதுகாப்பானது. வெள்ளைத் திருநீறு அநேகமாகப் பிரச்சினை தராது, மலிவான குங்குமம் தரும்.

தோல் கறுத்தால்

நமது நிறத்தில் இது நிறையப் பேருக்கு வரும்: முகம், விரல் மொழிகள், நாக்கு, நகம், ஊசி ஏற்றிய நரம்பு வழியே ஒரு கறுத்த கோடு. அழுக்கல்ல, தேய்த்தால் போகாது, தேய்க்கத் தேய்க்கக் கூடும். சிகிச்சை முடிந்து பல மாதத்தில் மெல்ல மெல்ல மங்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும். இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் 'ஏழு நாளில் வெள்ளை' என்ற கிரீம் கைக்கு வரும். வாங்காதீர்கள். அவற்றில் பல பாதரசமோ ஸ்ரீரொயிட்டோ கலந்தவை. முதலில் வெளுத்து, நிறுத்தியதும் முன்னைவிடக் கறுத்து, தோல் கடதாசி போல மெலியும்.

செய்ய வேண்டியது வெயிலைத் தடுப்பது. எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு, வெளியே நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. பலர் ஒரு பட்டாணி அளவு பூசிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். நிறம் கலந்த சன்ஸ்கிரீன் கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் உள்ள இரும்பு ஒக்சைட், சாதாரண வெளிச்சத்தால் வரும் கறுப்பையும் தடுக்கும், வெள்ளையாய்த் திட்டும் பிடிக்காது.

கலியாண வீட்டுக்குப் போக மறைக்க வேண்டுமென்றால், கறுப்புத் திட்டின் மேல் நேரடியாக ஃபவுண்டேஷன் பூசினால் சாம்பல் பாயும். கறுப்புக்குள் இருக்கும் நீலத்தை முதலில் அடக்கவேண்டும். செம்மஞ்சள் நிறக் கரெக்டரைத் திட்டின் மேல் மட்டும் மெல்லிசாகத் தட்டி, ஒரு நிமிடம் விட்டு, அதன் மேல் உங்கள் நிறத்து ஃபவுண்டேஷனை ஒற்றுங்கள், இழுக்காதீர்கள். நிறத்தைக் கையில் பூசிப் பார்த்து வாங்கினால் பிழைக்கும். தாடையோரத்தில் பூசிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கதிர் பட்ட இடத்துக்கு இவை எதுவும் இல்லை. மஞ்சள், சந்தனம், பவுடர், வாசனைத் தைலம் எல்லாம் விலக்கு. இளஞ்சூட்டுத் தண்ணீர், வாசனையில்லாத சவர்க்காரம், துவாயால் ஒற்றுவது, கிளினிக்கில் தரும் கிரீம், இவை போதும். தோலில் போட்ட அடையாளக் கோடுகளைக் கழுவி அழித்துவிடாதீர்கள். கதிர் முடிந்த அடுத்த ஓரிரு கிழமையில் தோல் இன்னும் மோசமாகித்தான் பிறகு ஆறும், பயப்படவேண்டாம். தாலிக்கொடி அந்த இடத்தில் உரசினால் அந்தக் காலத்துக்கு மஞ்சள் கயிறும் வேண்டாம். கழற்றிப் பத்திரமாக வையுங்கள், பெரியவர்களுக்கு டொக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மார்பு சத்திரசிகிச்சைக்குப் பின்

காயம் ஆறும் முதல் 6 முதல் 8 கிழமைக்கு, எடுத்த மார்புக்குப் பதிலாக உள்ளே வைக்கும் பாரமில்லாத பஞ்சு உருவம் மட்டும். பருத்தித் துணியில், பின்பக்கம் தட்டையாக, முன்பக்கம் குவிந்ததாகத் தைத்து, தலையணைக்குள் போடும் செயற்கைப் பஞ்சால் நிரப்புங்கள். இலவம் பஞ்சு வியர்வையில் கட்டிபடும்.

ஆறியபின் எடை தேவை. எடையில்லாத உருவம் கையைத் தூக்கும்போதெல்லாம் மேலே ஏறும், தோளும் ஒரு பக்கம் உயர்ந்து கழுத்து வலிக்கும். எவ்வளவு எடை என்று வீட்டிலேயே அறியலாம். அகன்ற தட்டில் ஒரு கிண்ணத்தை வைத்து விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, குனிந்து மற்ற மார்பை அதில் அமிழ்த்துங்கள். தட்டில் வழிந்ததை அளவுக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். 400 மில்லிலீற்றர் என்றால் ஏறத்தாழ 400 கிராம். சிலிக்கோன் உருவம் வாங்கும்போதும் இந்த எண் உதவும். துணி உருவமானால் கண்ணாடி மணிகளைத் தனிச் சிறு பையில் கட்டி, உருவத்தின் கீழ்ப்பாதியில் வையுங்கள், கழுவும்போது எடுத்துவிடலாம். அரிசியும் கடுகும் போடச் சொல்வார்கள், நமது ஈரப்பதத்தில் புழுத்துவிடும்.

சிலிக்கோன் உருவத்தின் எதிரி சேஃப்டி பின். முந்தானையைக் குத்தும் ஊசி ஒருமுறை உள்ளே இறங்கினால் அதோடு சரி. ஊசியைத் தோள்பட்டியில் மட்டும் குத்துங்கள். இரவில் இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரத்தால் கழுவித் துடைத்து, அதன் பெட்டியிலேயே வையுங்கள். தோலோடு நேரே ஒட்டினால் வியர்க்குரு வரும், பருத்தி உறை போடுங்கள்.

பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது டெயிலரிடம் சொல்ல வேண்டியவை: லைனிங்கின் உள்ளே பருத்தியில் ஒரு பை, திறப்பு கைப்பக்கம். முன்கழுத்து வழமையைவிட இரண்டு விரல் உயரம். கொழுக்கி முன்னால், ஏனென்றால் கை பின்னால் வளைய நாளெடுக்கும். அக்குள் சுற்றளவும் கையும் தளர்வாக. அளவு எடுக்கும்போது உருவத்தைப் போட்டுக்கொண்டே நில்லுங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெண் டெயிலர்கள் இருக்கிறார்கள். விளக்கக் கூச்சமென்றால், சரியாகத் தைத்த ஒரு பிளவுஸை மாதிரிக்குக் கொடுத்துவிட்டால் போதும். சேலையில் முந்தானையை மெல்லிய மடிப்புகளாகக் குத்தினால் இரு பக்க வித்தியாசம் எடுத்துக்காட்டும், ஒற்றையாக விரித்துவிட்டால் மறையும்.

அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்கலாம், ஆகவே பிளவுஸின் இறுக்கம் அழகு விடயமல்ல. ஒரு மணித்தியாலம் போட்டுக் கழற்றியதும் கையில் பள்ளம் விழுந்திருந்தால் அது உதவாது. அந்தக் கையில் இறுக்கமான காப்பும் மோதிரமும் வேண்டாம். மாதம் ஒருமுறை மணிக்கட்டிலிருந்து 10 சென்ரிமீற்றருக்கு ஒரு அளவாக இரு கைகளையும் அளந்து எழுதுங்கள். ஓரிடத்தில் 2 சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை பார்த்திருக்காமல் காட்டுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே.

வாயும் முகமும்

இலங்கை ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் அதிகம், ஆனால் தோற்றம் பற்றி ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை. தாடை எடுத்த முகம், பாதி முளைத்த தாடி, மீசை போன மேலுதடு எல்லாம் வெற்றிலைத் தட்டத்தோடு ஒன்றாக இருந்த கூட்டத்திலிருந்து ஒருவரை விலக்கிவிடும்.

இங்கே முதல் வேலை மறைப்பதல்ல, வாய் திறப்பதைக் காப்பாற்றுவது. கதிருக்கும் சத்திரசிகிச்சைக்கும் பின் தாடைத் தசை இறுகும். இறுகியபின் மீட்பது கடினம். உங்கள் மூன்று விரலை நிமிர்த்தி முன்பற்களுக்கிடையே வைக்க முடிகிறதா என்று கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். பயிற்சிக்கு ஐஸ்கிரீம் குச்சிகள் போதும். நோகாமல் எத்தனை குச்சி அடுக்காகப் பற்களுக்கிடையே போகுமோ அத்தனையை வைத்து, இன்னும் ஒன்றை நடுவில் மெல்லச் செருகி, 30 செக்கன் பிடியுங்கள். இப்படி ஐந்து முறை, நாளைக்கு ஐந்து தடவை. இழுவை தெரியவேண்டும், குத்தும் வலி கூடாது. எப்போது தொடங்கலாம் என்று சத்திரசிகிச்சை செய்தவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மேலண்ணத்தில் துவாரம் இருந்து பேச்சு மூக்கால் வந்தால், அதை அடைக்கும் செயற்கைத் தட்டு செய்யலாம். வார்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலைக்குக் கடிதம் தரும்படி உங்கள் கிளினிக்கில் கேளுங்கள்.

கதிர் பட்ட கழுத்தில் பிளேட் வேண்டாம், மின்சார ஷேவர்தான். அந்த இடத்தில் தாடி முளைக்காமலே போகலாம், ஆகவே திட்டுத் திட்டாய் விடுவதைவிட முழுதாக எடுப்பது வடிவு. காலையில் தாடைக்குக் கீழ் வீங்கினால் தலையணையை உயர்த்திப் படுங்கள், ஷேர்ட் கொலரை ஒரு அளவு பெரிதாக எடுங்கள்.

காயம் முழுதாக மூடியபின் தழும்பைத் தேங்காயெண்ணெய் தொட்டு விரல் நுனியால் ஐந்து நிமிடம், நாளைக்கு இருமுறை வட்டமாக அமத்தித் தடவுங்கள். உங்கள் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தம் வேண்டும். தழும்பு தடித்து வளரத் தொடங்கினால் சிலிக்கோன் பட்டி, நாளுக்கு 12 மணித்தியாலமாவது, இரண்டு மூன்று மாதம்.

நகத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: குட்டையாக வெட்டுங்கள், பாத்திரம் கழுவக் கையுறை, கறுத்ததை மறைக்கக் கடும் நிறக் கியூடெக்ஸ், அழிக்க அசிட்டோன் இல்லாதது. கைநகம் முழுதாக மாற ஆறு மாதம், கால்நகம் ஒரு வருடத்துக்கு மேல். மலமோ சிறுநீரோ வெளியேற வயிற்றில் பை பொருத்தியவர்கள் அது மூன்றிலொரு பங்கு நிரம்பியதும் வெறுமையாக்குங்கள். உள்பாவாடை நாடா அந்த இடத்தை வெட்டினால் அகலமான இலாஸ்ரிக் பட்டி தைத்துக்கொள்ளுங்கள்.

சனத்தைச் சந்திப்பது

"என்ன இப்பிடி மெலிஞ்சு போனீங்கள்?" என்ற கேள்வி வெள்ளவத்தைச் சந்தையிலோ கலியாண மண்டபத்திலோ கட்டாயம் வரும். அந்த இடத்தில் பதில் தேடினால் தடுமாறுவீர்கள், வீட்டிலேயே ஒரு வரியை ஆயத்தம் செய்து சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். "வருத்தம் வந்தது, மருந்து எடுத்தாச்சு, இப்ப பரவாயில்லை அக்கா. மகள் எப்பிடி, படிப்பு முடிஞ்சுதா?" சொல்லி முடித்ததும் கேள்வியைத் திருப்பி விடுவதுதான் இதில் முக்கியம். யாருக்கு முழுக் கதை, யாருக்கு ஒரு வரி என்பதை நீங்களே முடிவெடுங்கள். அலுவலகத்தில் ஒருவரிடம் மட்டும் விபரமாகச் சொல்லி, மற்றவர்களுக்கு அவரையே சொல்லச் சொல்லலாம்.

பிள்ளைகளுக்கு முடி கொட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள்: மருந்தால் கொட்டும், திரும்ப வளரும், உனக்குத் தொத்தாது, நீ செய்த எதனாலும் வந்ததல்ல. சின்னப் பிள்ளைகள் கடைசி வரியைத்தான் அதிகம் கேட்க வேண்டியவர்கள். மெஷின் அடிக்கும்போது பக்கத்தில் நிற்க விரும்பினால் நிற்கவிடுங்கள். கணவன், மனைவிக்கிடையே தழும்பைக் காட்டும் நாளை யாரும் குறிக்க வேண்டியதில்லை. முதலில் நீங்கள் தனியே கண்ணாடியில் பார்த்துப் பழகுங்கள், கட்டு மாற்றும் நேரத்தில் அவரை உதவிக்குக் கூப்பிடுவது பலருக்கு எளிதான தொடக்கம்.

இரண்டு கிழமைக்கு மேல் வெளியே போகவே மனமில்லை, நித்திரையில்லை, கண்ணாடியை மூடி வைத்திருக்கிறீர்கள் என்றால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கும் மருத்துவம் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

திரும்ப முளைக்கும்போது

கடைசி மருந்துக்கு 3 முதல் 6 கிழமையில் பூனைமுடி தெரியும், பிறகு மாதம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். நேரான முடி சுருண்டு வரலாம், நரைத்து வரலாம், பலருக்கு ஒரு வருடத்தில் பழைய தன்மை திரும்பும். தேங்காயெண்ணெய் தலைத்தோலை மென்மையாக்கும், வளர்ச்சியைக் கூட்டாது. வெங்காயச் சாறு புதுத்தோலை எரிக்கும். பயோட்டின் மாத்திரையைச் சொல்லாமல் எடுக்காதீர்கள், அதிக அளவில் அது தைரொயிட் போன்ற இரத்தப் பரிசோதனைகளைப் பிழையாகக் காட்டும். டமொக்சிபென், லெட்ரசோல் போன்ற மார்புப் புற்றுநோய் ஹோர்மோன் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு முடி ஐதாக வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம், டொக்டரிடம் கேளுங்கள். ஆறு மாதம் கடந்தும் முளைக்காவிட்டால் இரும்புச்சத்தும் தைரொயிட்டும் பார்க்க வேண்டும்.

டை பூச, சிகிச்சை முடிந்து ஆறு மாதம் பொறுங்கள். பூசுமுன் காதின் பின்னால் ஒரு துளி வைத்து 48 மணித்தியாலம் பாருங்கள், முன்பு ஒத்துக்கொண்ட டையாக இருந்தாலும். அதற்கிடையில் நரையை மறைக்க வேண்டுமென்றால் வீட்டில் அரைத்த மருதாணி போதும், 'கறுப்பு மருதாணி' என்று பக்கற்றில் வருவது மருதாணி அல்ல, டைதான்.